முன் இடது சக்கரம்

தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்கிறேன், நீயும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாய். இது போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ "சரி விடும்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கிராம சுகாதார செவிலியர் வேலையில் முப்பது வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய கை இது, எழுத்துப் புரியவில்லை என்றும் நீ சொல்ல முடியாது. படித்து முடிக்கும்வரை போன் பண்ணாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆவணியில் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்றாய். உன் அப்பாவின் கருமாதி முடிந்து ஷார்ஜாவுக்குப் போனவன், இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறேன் என்ற சொல்லைச் சொன்னாய். நான் சந்தோஷப்பட வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாய். "நான் வர்றதுக்குள்ள அந்த வண்டிய எடைக்குப் போட்டுரும்மா. அது என் கண்ணுல படக் கூடாது." ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்பா சொன்ன மாதிரி டயரு நட்ட ஏறி மிதிச்சு முடுக்கியிருந்தேன்னா அவங்க இன்னைக்கு இருந்திருப்பாங்கம்மா" என்றாய். மனசுக்குள் நீ இதை வைத்திருக்கிறாய் என்பது எனக்கு முன்பே தெரியும். உன் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

உன் மேல் தப்பில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் இதையாவது படி. நீ மாட்டிய சக்கரம் சரியாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. அதைக் கெடுத்தவள் நான். எப்படி என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். இதை எழுதும்போது நான் அழுதுகொண்டிருப்பதாக நினைக்காதே. பல் பிடுங்க ஊசி போட்டால் உதட்டைத் தொட்டுப் பார்க்கும்போது யாருடைய உதடோ என்று இருக்குமே, உன் அப்பா போனதிலிருந்து எனக்கு முழுசாகவே அப்படித்தான் இருக்கிறது. சோறு பொங்குகிறேன், சீரியல் பார்க்கிறேன், பேங்குக்குப் போய் வருகிறேன். எல்லாம் நடக்கிறது. எதுவும் உறைப்பதில்லை.

உன் அப்பா டயர் மாட்டும் அழகு உனக்கு மறந்திருக்காது. நட்டை முடுக்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரின் நுனியில் ஒரு காலை வைத்து, என் தோளைப் பிடித்தபடி ஏறி நின்று இரண்டு குதி குதிப்பார். நட்டு 'கிரீச்' என்று கத்தினால்தான் அவருக்குத் திருப்தி. கத்தாவிட்டால் இன்னொரு குதி. நீ இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது குடுமியான்மலைக்குப் போகிற வழியில் பஞ்சர் ஆகி நின்றோமே, அன்றைக்கு அவர் முடுக்கியதை அவராலேயே கழற்ற முடியவில்லை. டிராக்டர்காரர் ஒருவர் இரும்புக் குழாய் கொடுத்து, அதை ஸ்பேனரில் செருகி மூன்று பேர் தொங்கினோம். "எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குப்பா. இப்படி மிதிச்சா போல்ட்டு இழுத்துக்கும், ஒரு நாள் ஒடிஞ்சிரும்" என்றாய். "அளவு எழுதுனவன் நம்ம ரோட்டுல வண்டி ஓட்டிப் பாத்தானாடா?" என்று கேட்டார் உன் அப்பா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நான் அவர் பக்கம்தான் சிரிப்பேன், அது எனக்கு ஒரு பழக்கம். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ரிவர்ஸ் எடுத்து நம் வீட்டு கேட்டை இரண்டு தடவை சாய்த்தது உனக்குத் தெரியும். மூன்றாவது தடவையும் உண்டு, அதை உன் அப்பா சொல்லியிருக்க மாட்டார். டயர் மாட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "மிதி, இன்னும் மிதி" என்பார். நான் மிதிப்பேன். ஒரு வேலையை ஒருவரிடம் கற்றுக்கொண்டால் அவருடைய தப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வந்திருந்த அந்தத் தடவை, லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் முன் இடது டயர் பஞ்சர். நீதான் கழற்றி மாட்டினாய். "மிதிடா" என்றார் அவர். "போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் நீ திருச்சியில் விமானம் ஏறினாய். நாலாம் நாள் காலையில் நாங்கள் உனக்குப் பெண் பார்க்க இலுப்பூருக்குக் கிளம்பினோம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அந்த வீட்டுப் படி ஏற வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பூவும் பழமும் டிக்கியில் வைத்தாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த உன் அப்பா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவன் கையாலதான் முடுக்கிட்டுப் போயிருக்கான். அதுல ஏறியா நல்ல காரியத்துக்குப் போறது? ஒரு மிதி மிதிச்சிரும்மா."

"அவன் இன்ஜினியருங்க."

"அது கம்ப்யூட்டருக்குத்தான். இது டயரு."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரை மாட்டினேன். முதல் நட்டில் ஏறி நின்றேன், கத்தியது. இரண்டாவதும் கத்தியது. மூன்றாவதில் ஏறியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பேனர் வெறுமனே சுற்றியது, நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. நட்டு ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது. அதன் உள்ளே ஒடிந்த போல்ட்டின் துண்டு இருந்தது. வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த உன் அப்பா திரும்பாமலே "என்னம்மா சத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பயமில்லை, சோம்பலுமில்லை. மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும் வாசலில் நின்றுகொண்டு 'ஒடிந்துவிட்டது' என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? நம் வீட்டில் விளக்கு அணைந்தால் குளிர்ந்துவிட்டது என்போம். தாலிக்கயிறு அறுந்தால் பெருகிவிட்டது என்போம். வீல் போல்ட்டுக்கு அப்படி ஒரு மாற்றுச் சொல்லை யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால் நான் எதுவுமே சொல்லவில்லை. நட்டைக் கைப்பைக்குள் போட்டேன், சக்கரத்தின் மூடியை அமுக்கி மாட்டினேன். மூடி போட்டால் உள்ளே மூன்றா நாலா என்று யாருக்குத் தெரியும்? இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அஷ்டமி என்று பிள்ளைக்குத் தடுப்பூசி போட வராத தாய்மார்களை ஊர் ஊராகப் போய்த் திட்டியவள் நான். நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஊசிக்குத் தெரியாது என்று பிரசங்கம் பண்ணியவள். என் பிள்ளை காரியம் என்றதும் என் வாய் அடைத்துப் போயிற்று.

அன்னவாசல் ரோட்டில் சித்தன்னவாசல் விலக்கைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. உன் அப்பா, "என்னம்மா, ஆடுது?" என்றார். "ரோடு அப்படிங்க" என்றேன். இவ்வளவுதான் தம்பி, நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசியது. முப்பத்தொரு வருஷம் அவரோடு வாழ்ந்துவிட்டுக் கடைசியாக நான் அவரிடம் சொன்னது ஒரு பொய். மணியைப் பார்த்தேன், பத்தாகப் போகிறது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இன்னொரு போல்ட்டும் ஒடிந்திருக்க வேண்டும். சக்கரம் ஆடிச் சாய்ந்து மட்கார்டுக்குள் சிக்கிக்கொண்டது, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் இடித்து நின்றது. பெரிய வேகமில்லை. ஆபரேஷன் தழும்பில் அழுத்துகிறது என்று அவர் பெல்ட் போடுவதில்லை, உனக்குத் தெரியுமே. தலையில் அடி. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய மாத்திரைச் சீட்டைக் கேட்டார்கள். எடுக்கலாம் என்று கைப்பைக்குள் கையை விட்டேன், விரலில் பட்டது அந்த நட்டு.

நீ ஓடி வந்தாய். மூன்றாம் நாள், வண்டியை வீட்டில் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டது எனக்கும் கேட்டது. "கடைசியா டயரு மாட்டுனது யாரு தம்பி? நட்டு லூசா இருந்திருக்கும்போல." நீ, "நான்தாண்ணே" என்றாய். அதற்கப்புறம் உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சமையல்கட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பத்தடி தூரம்கூட இருக்காது. வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை. அழுது ஓய்ந்த வீடு, சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள், இப்போது வேண்டாம், கருமாதி முடியட்டும் என்று நினைத்தேன். கருமாதி முடிந்ததும், ஊருக்குப் போகிறவனிடம் வேண்டாம் என்று நினைத்தேன். மறுபடியும் கிளம்பும் நேரம், மறுபடியும் அதே வாசல்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். நீ தினமும் போன் செய்ய ஆரம்பித்தாய். அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பரபரவென்று இரண்டு நிமிஷம் பேசுகிற பிள்ளை நீ. இப்போது தினமும் சாயங்காலம், கொஞ்சம்கூடத் தவறாமல், என் முட்டிவலி முதல் குழம்பில் என்ன காய் போட்டேன் என்பது வரை கேட்டாய். நான் எரிந்து விழுந்தாலும் நீ எதிர்த்துப் பேசவில்லை. அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவை அம்மாவிடமிருந்து பறித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நீ எனக்குச் செய்த ஈடு அது. தெரிந்தே வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்தப் போன் நின்றுவிடுமோ என்று பயந்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவினாய், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பெற்ற பிள்ளையைக் குற்றவாளியாக உட்கார வைத்து, அவன் அன்பில் குளிர்காய்ந்திருக்கிறேன். எனக்கு வலிக்க வேண்டும். இன்னும் வலிக்கவில்லை. அவமானமாக மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ அப்படிச் சொன்ன பிறகு, திங்கட்கிழமை காலை வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவர் மறுபடி நட்டு லூசு என்பார், நான் மறுபடி ஊமையாக நிற்பேன். அதனால் சக்கரத்தைக் கழற்றி, ஒடியாமல் நின்ற பழைய போல்ட் ஒன்றைத் தட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நட்டையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் புதுக்கோட்டை டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். இரண்டு போல்ட் வேண்டும் என்றேன். கடைக்காரர் பழைய போல்ட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நாலையும் மாத்திருங்கம்மா. ஒடியாததும் ஒடியப் போறதுதான். மரைய பாருங்க, இழுத்துப் போய் மெலிஞ்சிருக்கு. யாரு இது, ஏறி மிதிச்சது?"

"நான்தாங்க" என்றேன்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, உனக்குச் சொல்ல வேண்டியதை ஒரு கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் மிதிக்கத்தான் செய்றாங்க. லூசா இருந்து ஒடியுறதவிட டைட் பண்ணி ஒடியுறதுதான் இங்க ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நாலு புது போல்ட்டும் நட்டும் கொண்டுவந்தார். எப்படி மாட்டுவது என்றும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

நானேதான் மாற்றினேன். நீ நம்ப மாட்டாய். பின்சக்கரங்கள் உருளாமலிருக்க அண்டைக் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு, அடியில் மரக்கட்டையும் வைத்தேன். பிரேக் பிடிக்கிற அந்தக் கனமான சாமானைப் பின்னாலிருந்து இரண்டு போல்ட் கழற்றி எடுத்து, அதன் ட்யூப் இழுபடாமல் கயிற்றில் கட்டித் தொங்க விட்டேன். சலைன் ட்யூப் இழுபடாமல் பார்த்துக்கொண்ட பழக்கம். அதற்கு உள்ளே இருக்கிற பிரேக்கின் வட்டத் தகடு துருப்பிடித்துக் கழல மறுத்தது. எண்ணெய் விட்டு, மறுநாள் வரை ஊற விட்டு, தட்டித் தட்டி எடுத்தேன். ஒடிந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் அடித்தால் பின்பக்கமாக விழுகின்றன, அவ்வளவுதான் அவற்றின் பிடிவாதம். புதுசைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்பக்கம் வாஷர்களை அடுக்கி, நட்டைத் திருப்பிப் போட்டு முடுக்க முடுக்க, போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து உட்காருகிறது. முடுக்கும்போது எல்லாம் சேர்ந்து சுற்றாமலிருக்க யாராவது கடப்பாரையைக் குறுக்கே கொடுத்துப் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டு மேரி டீச்சர் வந்து பிடித்தார். "ஏங்க்கா, தம்பி வர்ற நேரத்துல இதெல்லாம் ஒங்களுக்குத் தேவையா?" என்று கேட்டார். "அவன் வர்றதுக்காகத்தான் டீச்சர்" என்றேன். மூன்று நாள் ஆயிற்று. இடது கைக் கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்துவிட்டது. வலித்தது. அந்த வலி எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் நான் உன் அம்மா, சொல்லாமல் இருக்க முடியாது. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு அமையும். அந்த வீட்டில் எது ஒடிந்தாலும் ஒடிந்தது என்று அந்த நிமிஷமே சொல்லிவிடு. நல்ல நேரம் போனால் போகட்டும், பெண் வீட்டார் காத்திருக்கட்டும், சகுனம் கெட்டால் கெட்டுத் தொலையட்டும். உன்னோடு வாழ வருகிறவளையும் அப்படிச் சொல்ல விடு. சொன்னதற்காக அவள்மேல் எரிந்து விழாதே. அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் உன் அப்பா முகத்தைச் சுளித்திருப்பார், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க முணுமுணுத்திருப்பார். இன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

இதைப் படித்த பிறகு நீ ஆவணியில் வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை, ஏனென்றால் பரவாயில்லை என்பதும் பொய். இனி ஒரு பொய் என்னால் ஆகாது. நீ கோபப்படு, பேசாமல் இரு, தினசரிப் போனை நிறுத்து. ஆனால் வா.

ஒடிந்த துண்டு உள்ளே இருக்கிற அந்த நட்டு அலமாரியில், உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வந்ததும் எடுத்துப் பார். வண்டியை எடைக்குப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று அப்புறம் நீயே முடிவு செய். சக்கரத்தை மாட்டிவிட்டேன், நாலு நட்டையும் விரலால் சுற்றி வைத்திருக்கிறேன், அதற்குமேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. வண்டி இன்னும் ஜாக்கியிலிருந்து இறங்கவில்லை. ஸ்பேனர் முன் சீட்டில் கிடக்கிறது. நீ வந்து, உன் அளவுக்கு முடுக்கு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மிதி என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா